தரவைக்குப் போகாத பிள்ளை

வியாழக்கிழமைகளில் இடைவேளை முடிந்து மணி அடித்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் தொப்பி தேடத் தொடங்குவார்கள். ஒருவரின் தொப்பி இன்னொருவரின் தலையில் இருக்கும். யாருடையதோ தண்ணீர்ப் போத்தல் மேசைக்குக் கீழே உருண்டு கிடக்கும். அந்த அமளிக்குள் மதுசா மட்டும் தன்பாட்டில் ஒவ்வொரு போத்தலாக எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்து, உரியவரிடம் கொடுப்பாள்.

எல்லோரும் வரிசையாகி விறாந்தையால் இறங்கியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்வாள்:

"நான் வகுப்பைப் பாக்கிறன் ரீச்சர். நீங்கள் போட்டு வாங்கோ."

வகுப்பில் பார்ப்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். கதிரைகளும் கரும்பலகையும்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்வார். நாங்கள் திரும்பி வரும்வரை மதுசா யன்னலடியிலேயே இருப்பாள்.

மழைக்குள் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போன கதையை இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "தாய் தகப்பன் விட்டவையோ?" பெரும்பாலானோர் விட்டார்கள். ஒருவர் விடவில்லை. அவரைப் பற்றித்தான் இந்த வாரம்.

இரண்டு மலையும் ஒரு சூரியனும்

அதற்கு முதல், ஏன் இந்த வெளியே போகும் வேலையைத் தொடங்கினேன் என்று சொல்லவேண்டும்.

சண்டிலிப்பாய்க்கும் பண்டத்தரிப்புக்கும் இடையில் ஒரு சிறிய பாடசாலை. கொரோனாவுக்குப் பிறகு பாடசாலைகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய காலம். என்னிடம் தரம் மூன்று தந்திருந்தார்கள். முதல் கிழமை பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, உங்கள் ஊரை வரையுங்கள் என்றேன்.

எல்லோரும் வரைந்தார்கள். எல்லாத் தாளிலும் இரண்டு மலைகள். நடுவில் சூரியன். மலையிலிருந்து ஓர் ஆறு. ஆற்றில் ஒரு வள்ளம்.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஆறு என்று பெயருக்கு எங்கள் பக்கம் வழுக்கையாறு உண்டு. அது மாரியில் மட்டும் ஓடும். எந்த மலையிலிருந்தும் வருவதில்லை.

முன்வாங்கில் இருந்த டிலக்சனிடம் கேட்டேன்.

"இந்த மலை எங்கை இருக்கு?"

"எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ரீச்சர்."

"உண்மையா அங்கை என்ன இருக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "தெரியாது ரீச்சர். நான் பின்பக்கம் போறேல்லை."

இரண்டு வருடமாகப் பிள்ளைகள் வீட்டுக்குள் கைத்தொலைபேசியோடு இருந்திருக்கிறார்கள். அவனைக் குறைசொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆனால் சுற்றாடல் பாடத்தை அதற்குப் பிறகு புத்தகத்தை மட்டும் வைத்துப் படிப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

பாடசாலை அதிபரிடம் போனேன். நல்ல மனிதர், பயந்த மனிதர். "ஒரு கீறல் பட்டாலும் நான்தான் பதில் சொல்லவேணும்" என்றார். பெற்றோர் சம்மதிக்கவேண்டும், பாடசாலை மணி கேட்கும் தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு விட்டார்.

மணி கேட்கும் தூரத்தில்தான் தரவை இருந்தது. வெங்காயத் தோட்டங்களும் புகையிலைத் தோட்டங்களும் முடிகிற இடத்தில், யாரும் பயிர் செய்யாமல் விட்ட புல்வெளி. ஆடுமாடு மேயும். மாரியில் அரைவாசி தண்ணீருக்குள் கிடக்கும். வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு வருடத்தில் அந்த ஒரு நிலம் எத்தனை விதமாக மாறுகிறது என்று பார்க்க வேறு எங்கும் போகத் தேவையில்லை.

முதல் மழைக்குத் தம்பளப் பூச்சி வந்தது. சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டி எடுத்ததுபோல் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். பொறுமையாக இருந்தால் மெல்ல நடக்கும். அந்தப் பொறுமை வர எங்கள் வகுப்புக்கு ஒரு மாதம் எடுத்தது. தை பிறந்ததும் பனி. புல்லில் சிலந்தி வலைகள் ஈரத்தோடு மினுங்கும். வெயில் ஏறினால் வலை இருந்த இடமே தெரியாது. அதனால் அந்த நாட்களில் மட்டும் காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு ஓடுவோம்.

இதெல்லாவற்றுக்கும் மதுசா வரவில்லை. "அம்மா வேண்டாமெண்டவ" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள்.

யாற்றை சொல்லைக் கேக்கும்?

தாயைச் சந்திக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாளே வந்தார்.

எங்கள் பாடசாலை வாயிலிலிருந்து வகுப்புக்கு வர முற்றத்தைக் குறுக்கறுத்தால் கிட்ட. எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். அவர் மதிலோரமாகச் சீமெந்து போட்ட பாதையால் சுற்றி வந்தார். வெயிலில் அவ்வளவு தூரம் ஏன் சுற்றுகிறார் என்று நினைத்தேன். நடையில் ஒரு சாய்வு இருந்தது.

பெயர் சுகந்தி. தென்மராட்சியில் பிறந்து, எங்கள் பக்கம் கலியாணம் கட்டி வந்தவர். வீட்டில் தையல். என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கதிரையில் இருந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ரீச்சர், உங்களிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை."

"பிறகேன் பிள்ளையை விடுறியள் இல்லை?"

"நீங்கள் பிள்ளையளுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறியள்? கிட்டப் போய்ப் பார், புல்லை விலத்திப் பார், கையிலை எடுத்துப் பார். அப்பிடித்தானே?"

"ஓம்."

"அவள் நடக்கப் பழகின நாளிலையிருந்து நான் சொல்லுறது, கிட்டப் போகாதை, விலத்தாதை, கையிலை எடுக்காதை. ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னால் ஒரு பிள்ளை யாற்றை சொல்லைக் கேக்கும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் நீளச் சட்டையின் கீழ் ஓரத்தைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் உயர்த்தினார். வலது கால் செயற்கைக் கால்.

"சமாதானமெண்டு சொல்லி எல்லாரும் ஊருக்குத் திரும்பின நேரம். விறகு பொறுக்கப் போனனான். இவளிலும் பாக்க ரெண்டு மூண்டு வயது கூட இருக்கும். பாதையிலையிருந்து கொஞ்சம்தான் விலத்தினனான் ரீச்சர். கொஞ்சம்தான்."

"இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை சுகந்தி. ஆடுமாடு எல்லாம் மேயிற இடம்."

"அங்கையும் ஒண்டும் இல்லையெண்டுதான் சொன்னவை."

அவர் எழும்பி, வந்த வழியே மதிலோரமாகத் திரும்பிப் போனார்.

எங்களுடைய வெளிக்கள வகுப்பு

அவர் போன பிறகு என் சொந்தப் பள்ளிக்கூடக் காலம் நினைவுக்கு வந்தது.

நான் படித்த காலத்தில் எங்களை வகுப்புக்கு வெளியே கூட்டிப்போய்ப் படிப்பித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் வாகனத்தில் சிலர் வந்தார்கள். எங்களை மைதானத்தில் இருத்தினார்கள். மண்டையோடு வரைந்த பலகைகளையும், மரத்தில் செய்து பச்சை வர்ணம் பூசிய மாதிரி மிதிவெடிகளையும் காட்டினார்கள். தெரியாத பொருளைக் கண்டால் என்ன செய்யவேண்டும்? நிற்கவேண்டும். மற்றவர்களை நிற்கச் சொல்லவேண்டும். வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்பவேண்டும். எங்களை எழுப்பி நடக்கவைத்து, திடீரென்று விசில் ஊதி, அசையாமல் நிற்கப் பழக்கினார்கள்.

நாங்கள் சிரித்துச் சிரித்துத்தான் பழகினோம். எனக்கு நன்றாக வந்தது. அசையாமல் நின்றதற்கு ஓர் அடிமட்டம் பரிசு தந்தார்கள். அதில் அங்குல அளவுகளுக்கு மேலே மிதிவெடிகளின் படங்கள் வரிசையாக இருந்தன. சாதாரண தரப் பரீட்சை வரை அதை வைத்துத்தான் கொப்பியில் கோடு கீறினேன்.

அந்த வகுப்பைக் குறைசொல்ல மாட்டேன். அது உயிர் காத்த வகுப்பு. ஆனால் நானும் சுகந்தியும் எங்கள் வயதுக்காரர் எல்லோரும் நிலத்தைப் பற்றிப் படித்த முதல் பாடம் அதுதான். பற்றையைக் கண்டால் பூ இருக்குமா என்று எங்களுக்குத் தோன்றுவதில்லை. நான் ஆசிரியப் பயிற்சியில் கண்ட நல்ல விரிவுரையாளர்களால் அதிலிருந்து கொஞ்சம் வெளியே வந்தேன். சுகந்திக்கு அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கால் திரும்பி வரப்போவதில்லை.

அவரை நான் வற்புறுத்தவில்லை.

யன்னலடி மேசை

மற்றப் பிள்ளைகள் மதுசாவுக்காகச் சாமான் கொண்டுவரத் தொடங்கினார்கள். இலை, இறகு, நத்தைக் கோது, பாம்புச் சட்டைத் துண்டு. யன்னலடியில் ஒரு பழைய மேசையைப் போட்டுக் கொடுத்தேன். அவள் அவற்றை அடுக்கினாள்.

அடுக்கியதோடு விடவில்லை. கேள்வி கேட்டாள்.

"இந்த இறகு எங்கை கிடந்தது?"

"தண்ணிக் கரையிலை."

"கிட்ட வேறை இறகும் கிடந்ததோ? இல்லாட்டி இது ஒண்டுதானோ?"

டிலக்சன் முழிப்பான். "பாக்கேல்லை."

"அப்ப அடுத்த கிழமை பாத்துக்கொண்டு வா."

அடுத்த கிழமை அவன் பார்த்துக்கொண்டு வருவான். ஏனென்றால் வாசலிலேயே பிடித்துக் கேட்பாள். ஆடுகள் எந்தப் பக்கம் பார்த்தபடி படுத்திருந்தன? உடும்பின் பொந்து வாயில் மண் ஈரமா, காய்ந்ததா? நான் கேட்டால் பிள்ளைகள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். அவளிடம் அது நடக்காது. எங்கள் வகுப்பு ஒழுங்காகப் பார்க்கப் பழகியது, போகாத ஒரு பிள்ளையின் தொல்லையால்தான்.

மதுசா தரம் நான்குக்கு வந்தாள். நானும் அந்த வகுப்போடேயே மேலே வந்தேன். மாசி மாதத்தில் ஒரு காலை, பாடம் தொடங்கும் நேரம், சுகந்தி வகுப்பு வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"நான் வேண்டாமெண்டு சொன்னனான். நீங்களும் சரியெண்டனீங்கள். பிறகேன் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"நான் கூட்டிக்கொண்டு போகேல்லை."

"பொய் சொல்லாதையுங்கோ ரீச்சர். தண்ணி வத்தின பக்கத்திலை மண் எப்பிடி வெடிச்சிருக்கெண்டு சொல்லுறாள். எந்தப் பற்றைக்குக் கீழை உடும்பு இருக்கெண்டு சொல்லுறாள். போகாத பிள்ளைக்கு உது என்னண்டு தெரியும்?"

மதுசா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். டிலக்சன்தான் எழும்பினான்.

"அவ வாறேல்லை அன்ரி. நாங்கள் வந்துதான் சொல்லுறது. சொல்லாட்டி விடமாட்டா."

சுகந்தி அவனைப் பார்த்தார். பிறகு யன்னலடி மேசையைப் பார்த்தார். மெல்ல நடந்து போய் ஓர் இறகைக் கையில் எடுத்தார்.

"இது என்ன?" மகளிடம் கேட்டார்.

"கொக்கின்ரை. செட்டையிலையிருந்து விழுந்தது."

"நீ கண்டனியோ?"

"இல்லையம்மா. கேட்டனான்."

இறகை எடுத்த இடத்திலேயே வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அடுத்த முறை எப்ப போறியள்?"

"வியாழக்கிழமை."

"நானும் வாறன். நான்தான் முன்னுக்கு நடப்பன். எனக்குப் பின்னாலைதான் அவள் வரவேணும். எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான். நீங்கள் கடைசியிலை வாங்கோ."

சரி என்றேன்.

நில்லுங்கோ

அந்த வியாழன் வர நாட்கள் பிந்தின. நடுவில் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி வந்து இரண்டு கிழமையைத் தின்றுவிட்டது. நாங்கள் போனபோது பங்குனி வெயில் தொடங்கியிருந்தது.

தோட்டத்து ஒழுங்கை வரை சுகந்தி சாதாரணமாக நடந்தார். தரவையின் விளிம்பில் நின்றார். பின்னால் மகள், மகளுக்குப் பின்னால் மற்றவர்கள், கடைசியில் நான். அவருடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நெடுநேரம் நின்றார். ஒரு பிள்ளைகூட 'ஏன் நிக்கிறம்' என்று கேட்கவில்லை.

பிறகு காலை வைத்தார்.

அவ்வளவு மெதுவாக நாங்கள் தரவையில் ஒருநாளும் நடந்ததில்லை. அவர் நிலத்தைப் பார்ப்பார், ஒரு அடி வைப்பார், மறுபடி பார்ப்பார். பிள்ளைகளும் தன்னாலே நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் கை காட்டி, குரலை அடக்கிக் கதைத்தார்கள். மேலே ஓர் ஆக்காட்டிச் சோடி கத்திக்கொண்டு பறந்தது. அது எப்போதும் கத்துகிற குருவி, நான் பொருட்படுத்தவில்லை.

நடுத்தரவைக்குக் கிட்ட வந்தபோது சுகந்தியின் கை உயர்ந்தது.

"நில்லுங்கோ! ஒருத்தரும் அசையாதையுங்கோ!"

நான் நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை. கால்கள் தாமாக நின்றன. அதிபரின் முகம் வந்தது. தொப்பிகள் வரிசையாக எனக்கு முன்னால் அசையாமல் நின்றன. ஒவ்வொன்றும் யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தாயின் முகமும் வந்தது.

சுகந்தி திரும்பாமலே கூப்பிட்டார்.

"மது, இஞ்சை வா. என்ரை அடியிலை அடி வைச்சு வா."

ஏன் மகளைக் கூப்பிடுகிறார்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதுசா மெல்ல முன்னால் போனாள். தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ரீச்சர்!" என்று கத்தினாள். "முட்டை!"

ஆக்காட்டி கூடு கட்டாது. வெறும் நிலத்தில் ஒரு சிறு குழி, சுற்றிவரக் கற்களும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையும். நடுவில் நான்கு முட்டைகள், மண் நிறத்தில் கறுப்புப் பொட்டுகளோடு. கைகாட்டிய பிறகும் எனக்கு உடனே தெரியவில்லை. போன வருடமும் இதே நேரம் இதே வழியால் பிள்ளைகளோடு நடந்திருக்கிறேன்.

"என்னண்டு கண்டனீங்கள்?" என்றேன்.

"கல்லுப் போலை கிடந்தது. ஆனால் ஆரோ அடுக்கி வைச்ச மாதிரிக் கிடந்தது. அப்பிடி எதைக் கண்டாலும் நான் நிண்டிடுவன்."

அவருடைய செயற்கைக் கால் முட்டைகளில் கிட்டத்தட்ட முட்டுகிறாற்போல் நின்றது. அதை அவர் மெல்லப் பின்னால் எடுத்தார். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"புது இடமெண்டால் அந்தக் காலைத்தான் முதல் வைக்கிறது ரீச்சர். போனால் அது போகட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் ஒருவர் ஒருவராக வந்து, குந்தியிருந்து, தொடாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். மதுசா காவல்காரிபோல் பக்கத்தில் நின்று, "காணும், அடுத்தாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடு மிதித்துவிடும், கிரிக்கெட் விளையாடுகிறவர்கள் மிதித்துவிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குக் கவலை. சுற்றித் தடி நட்டு அடையாளம் வைப்போம் என்றான் டிலக்சன். விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய ரிபன் அவனுடைய களிசான் பொக்கற்றுக்குள் இருந்தது. நல்ல சிவப்பு.

"சிவப்பு வேண்டாம்" என்றார் சுகந்தி.

"ஏன் அன்ரி? சிவப்பெண்டால் தூரத்திலையே தெரியும்."

நானும் சுகந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தடி நட்டுச் சிவப்புக் கட்டிய வெளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். டிலக்சனுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை.

"நாளைக்கு நான் வேறை நிறம் கொண்டு வாறன்" என்றார்.

மறுநாள் காலை நான் ஸ்கூட்டரில் வரும்போது தரவைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெளியின் நடுவில் ஒரு பெண் தனியாகக் குனிந்து நின்றார். பக்கத்தில் தடிகள், தடிகளில் தையல் மிச்ச மஞ்சள் துணித் துண்டுகள். இரண்டு ஆக்காட்டிகளும் தலைக்கு மேலே கத்திப் பறந்தன. அவரும் திருப்பிக் கத்தினார்.

"சத்தம் போடாதை! உன்ரை பிள்ளையளை நான் தொடேல்லை!"

குஞ்சு பொரித்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சித்திரை விடுமுறை முடிந்து வந்தபோது குழி வெறுமையாக இருந்தது. பொரித்துப் போனதா, கீரி தின்றதா தெரியாது. மதுசா பொரித்ததென்று சொன்னாள். டிலக்சன் கீரி என்றான். அந்த வழக்கு வருடம் முழுக்க நடந்தது.

படலையடியில்

சுகந்தி பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தார். சோழகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் எறிந்த நாட்களிலும் வந்தார். பனம்பழம் விழும் காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து வண்டு பார்த்தார். எப்போதும் முன்னால்தான் நடந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வியாழன் மதுசா தொப்பியும் போத்தலுமாக வரிசையில் நின்றாள். தாயைக் காணவில்லை.

"அம்மா எங்கை?"

"அம்மாக்குத் தைக்கிற வேலை கனக்க இருக்காம். என்னைப் போகட்டாம்."

அதிகம் கேட்காமல் கூட்டிப்போனேன். அன்று தரவை முழங்காலளவு தண்ணீர். கரையோரமாக நின்று தவளைக்குஞ்சு பார்த்தோம். மதுசா இரண்டுதரம் வழுக்கி விழுந்தாள். மூன்றாந்தரம் வேண்டுமென்றே விழுந்தாள் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழி அவர்களுடைய ஒழுங்கையால். தூரத்திலேயே கண்டேன், படலையடியில் சுகந்தி குடையோடு நின்றார். விறாந்தையில் தையல் மெசின் துணி போட்டு மூடியபடி இருந்தது. தைத்ததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மதுசா வரிசையை விட்டு ஓடினாள். தலையிலிருந்து கால்வரை சேறு. சுகந்தி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கால்களைப் பார்த்தார். ஒன்றை, பிறகு மற்றதை. பிறகுதான் நிமிர்ந்தார்.

"உதென்ன கோலம்? உந்தச் சேத்தோடை உள்ளுக்கை வராதை. கிணத்தடிக்குப் போ. வெள்ளைச் சட்டையை ஆர் தோய்க்கிறது? ஆர் தோய்க்கிறதெண்டு கேக்கிறன்!"

பேச்சு நிற்கவில்லை. மதுசா கிணற்றடிக்கு ஓடினாள். சுகந்தி கொடியில் கிடந்த துவாயை இழுத்தெடுத்துக்கொண்டு, முற்றத்து வெள்ளத்துக்குள்ளால் பேசிக்கொண்டே பின்னால் போனார். எங்களுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லவும் மறந்துவிட்டார்.